இரண்டு கையையும் விரித்தால்

அத்தியாயம் பதினொன்று

மாதா கோயில் மணி அடித்தது. ஃப்ளோரா போகவில்லை.

ராயபுரத்திலேயே பிறந்து ராயபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதிப் பூசைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. ஜானட்டை நிறைமாதமாகச் சுமந்துகொண்டுகூடப் போனவள். அந்த நாள் என்றாலே தெருவுக்கு ஒரு தனி வாசனை இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம், மாதாவுக்குத் திருநாள். காலையில் பள்ளிக்கூடத்து பேண்டு, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சீரியல் பல்பு போட்ட தேர். புதுத்துணி உடுத்திய பிள்ளைகள் சட்டையில் குத்திய கொடியோடு நெற்றி வியர்க்க ஓடுவார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் மட்டும் தெருவில் எல்லோருக்கும் பாதி முகம்தான் இருந்தது. மீதி பாதியை மாஸ்க் மூடிக்கொண்டது. காய்ச்சல் கண்ட வீட்டுக்காரர்கள் கோயிலுக்கு வரவேண்டாம், வீட்டிலிருந்தே ஜெபியுங்கள் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

நடுவில் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்து இப்போதுதான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு மட்டும் நாலு வரி. பன்றிக்காய்ச்சல் சென்னைக்கு வந்துவிட்டது. ஜானட்டின் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் கண்டதும் கேட்டை இழுத்து மூடிவிட்டார்கள். அவளுடைய அப்பா செல்வநாதன், துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டும் சிக்னல்மேன், வேலையிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தான். தொண்டையில் எடுத்த சாம்பிள் கிண்டி பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருக்கிறது. முடிவு வரும்வரை அவனுக்குப் பின்பக்க அறையில் தனிவாசம். முன்பக்க அறையில் ஃப்ளோராவும், அவளுடைய தையல் மெஷினும், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த ஒன்பதாம் வகுப்பு ஜானட்டும். நேற்று சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு, "நான் இல்லாட்டி இந்த வூடு நிம்மதியா இருக்கும்" என்று ஜானட் சொன்னாளே, அங்கேதான் விட்டோம்.

அந்த வார்த்தை ஃப்ளோராவை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. ஆனால் விடிந்ததும் அதைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். பயந்தவள் பாத்திரம் விளக்கினாள், பால் காய்ச்சினாள், புருஷனுக்குக் கஞ்சி வைத்தாள்.

ஜூன் மாதம் எழும்பூர்ப் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் ஜானட்டைக் கூட்டிப்போயிருந்தார்கள். அவர் நாலு இங்கிலீஷ் எழுத்தைச் சொன்னார். ஏ.டி.எச்.டி. "சேட்டை இல்லம்மா. மூளை வேலை செய்யற விதமே அப்படி. கவனம் ஒரு இடத்துல நிக்காது, கை கால் சும்மா இருக்காது. உங்க வளர்ப்புல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காக ஃப்ளோரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை வருஷமாக ஊர் அவளைச் சொன்ன சொல் கொஞ்சமா?

காலையில் ஒரு மாத்திரை. ஸ்கூல் நாளில் கொடுங்கள், லீவு நாளில் வேண்டாம் என்றார் டாக்டர். ஃப்ளோரா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஜூலை மாதம் ஜானட் மாறித்தான் போயிருந்தாள். சயின்ஸ் பரீட்சையில் கடைசிக் கேள்விவரை எழுதிவிட்டு வந்தாள். பள்ளி பேண்டில் சைடு டிரம்முக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது பள்ளிக்கூடம் லீவு. லீவு நாளில் மாத்திரை வேண்டாம். கணக்கு சரிதானே? மாத்திரை டப்பா மாதா படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையை மனதில் வைத்து டாக்டர் சொன்னதை, ஊரே அடைபட்டுக் கிடக்கிற லீவுக்கும் நீட்டிவிட்டோம் என்று அந்த மகராசிக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரம்மா அன்றைக்கு இன்னொன்றும் கேட்டார். "உங்க குடும்பத்துல சின்ன வயசுல இப்படி யாராவது இருந்தாங்களா?"

"இல்ல டாக்டர்" என்று ஃப்ளோரா சட்டென்று சொன்னாள். செல்வநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

மணி ஓய்ந்தது. அது ஓய்ந்த இடத்தில் கரண்டிச் சத்தம் ஆரம்பித்தது.

இரண்டு ஸ்பூன், ஒரு கவிழ்த்த அலுமினியச் சட்டி. டக்குட்டு டக்கு, டக்குட்டு டக்கு. ஜானட் தரையில் உட்கார்ந்து, கண்ணைச் சுவரில் பதித்து அடித்துக்கொண்டிருந்தாள். இந்நேரம் கொடியேற்றும் மைதானத்தில், வெள்ளை ஷூவும் சிவப்புத் தொப்பியுமாக முதல் வரிசையில் அவள் நின்றிருக்கவேண்டும். டிரம் பள்ளிக்கூடத்து அறையில் பூட்டிக் கிடந்தது.

"ஜானட், நைனா இப்பத்தான் கண்ண மூடிகினு கீறாரு. நிறுத்து."

நிறுத்தினாள். அடுத்த நிமிஷம் ஸ்பூன் முழங்காலில் தாளம் போட்டது. அங்கிருந்து தையல் மெஷின் மூடிக்குப் போனது.

"நிறுத்துன்னு சொன்னனா இல்லியா?"

"நான் அடிக்கலமா. அதுவே அடிக்குது."

"அதுவே அடிக்குதா? ஏன், கைக்கும் ஜொரம் வந்துடுச்சா?" ஃப்ளோரா துணியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாளா, பிறகு மூடத் தெரியவில்லை. "வச்ச டீ வச்ச எடத்துல ஆடை கட்டிகினு கீது. பாய சுத்தினியா? பல்லு வெளக்கினியா? மாஸ்க்குக்கு நாடா வெட்டிக் குடுன்னு நேத்துலருந்து சொல்லிகினு கீறேன், வெட்னியா? நாலு வெட்டிட்டு கத்திரிக்கோல எங்கியோ போட்டுட்ட. புக்க எடுத்தா ஒரு பக்கம் படிக்கிறதில்ல. அந்த மனுசன் உள்ள ஜொரத்துல துடிச்சிகினு கீறாரு, நீ இங்க மோளம் தட்டிகினு கீற. உன்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லியா? எதிர்வூட்டுப் புள்ளயப் பாரு..."

ஜானட் எழுந்தாள். அறைக்கு நடுவில் வந்து நின்றாள். இரண்டு கையையும் தோள் மட்டத்துக்கு விரித்தாள். உள்ளங்கை தரையைப் பார்த்தது. முகத்தில் ரத்தமே இல்லை. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"இன்னாடி, வழிய மறிக்கிறியா? சிலுவையாட்டம் நின்னுகினு இன்னா டிராமா காட்டுற?"

கை இறங்கவில்லை. ஃப்ளோராவின் கைதான் இறங்கியது. பளாரென்று கன்னத்தில்.

பிள்ளையைக் கை நீட்டுகிறவள் இல்லை ஃப்ளோரா. அது தெருவுக்கே தெரியும். தூக்கமில்லாத கண்ணும், காய்ச்சலில் கிடக்கிற புருஷனும், போகமுடியாத பூசையும் சேர்ந்து அந்தக் கையை ஓங்கவைத்தன. ஆனால் வாங்கிய கன்னத்துக்கு அந்தக் காரணமெல்லாம் தெரியுமா?

ஜானட் கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள். அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புழக்கடைப் பக்கம் போனாள். ஃப்ளோரா மெஷினில் உட்கார்ந்து, கோபத்தையெல்லாம் காலில் இறக்கி மிதித்தாள். மாஸ்க் மேல் மாஸ்க்காக விழுந்தது.

கொஞ்ச நேரம் வீடு அமைதியாக இருந்தது. அது சுகமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஜானட் இருக்கும் வீட்டில் அமைதி இருந்ததே கிடையாது.

"ஜானட்?"

குளியலறை காலி. மொட்டைமாடி காலி. பக்கத்துவீட்டு பவுனம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலிருந்தே சொன்னாள்: "உம் பொண்ணு மாஸ்க்கூட இல்லாம போய்கினு கீறா ஃப்ளோரா. கூப்பிட்டேன், திரும்பல. எந்தப் பக்கம் போனான்னு பாக்கல. பொட்டப் புள்ளய கொஞ்சம் புடிச்சி வையேன்."

இந்த அமைதியை ஃப்ளோரா முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

ஜெரியைப் பற்றி இத்தனை வாரத்தில் இந்தத் தொடரில் ஒரு வரிகூட வரவில்லை. அதற்குக் காரணம் ஃப்ளோராதான். அந்தப் பெயரை அவள் யாரையும் எடுக்கவிடமாட்டாள். ஜெரி அவள் தம்பி. அவன் தெருவில் இறங்கினால் தெரு முழுவதும் அவனோடு ஓடும். காத்தாடிக் காலத்தில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவிப் போவான். எந்த நூல் எந்த வீட்டு ஆன்டெனாவில் சிக்கியிருக்கிறது என்பது அவனுக்குத்தான் தெரியும். கப்பல் ஊதுகிற சத்தத்தை வைத்தே அது உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்பான். ராயபுரம் ஸ்டேஷனில் ஆளில்லாத பிளாட்பாரத்தில் அக்காவைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மிதித்தபோது அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாகிறது. வகுப்பில் மட்டும் அவனால் உட்கார முடியவில்லை. வாத்தியார் அடித்தார். அப்பா கட்டில் காலில் கட்டிப்போட்டார். ஒரு மத்தியானம் வீடு திடீரென்று அமைதியாக இருந்தது. பேசின் பிரிட்ஜ் யார்டில் கூட்ஸ் வண்டி மேல் அவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், அப்புறம் அவன் திரும்பி வரவே இல்லை.

அவள் பின்பக்க ஜன்னலுக்கு ஓடினாள். செல்வநாதன் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தான். தாடி நாலு நாளாக மண்டிக் கிடந்தது.

"இன்னாமே, சத்தமே காணோம்? மோளம் எங்க?" குரல் கம்மிப்போயிருந்தது.

"ஜானட் பூட்டாய்யா. வூட்ல இல்ல. நேத்து அப்டி சொன்னா, இன்னிக்கு பூட்டா."

"போறதுக்கு முன்ன இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நான்தான் திட்டிகினு இருந்தேன். அவ ரெண்டு கையையும் விரிச்சிகினு எதுர்ல நின்னா. அட்ச்சிட்டேன்."

செல்வநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எப்டி விரிச்சா? காட்டு."

காட்டினாள்.

"உள்ளங்கை கீய பாத்துகினு இருந்திச்சா?"

"ஆமா. ஏன்யா?"

அவன் கொஞ்ச நேரம் இருமினான். அப்புறம் சொன்னான்: "அது எமர்ஜென்சி ஸ்டாப்பு, ஃப்ளோரா."

"இன்னா?"

"கிரேன் டிரைவரு அம்மாம் ஒசரத்துல கீறான். நான் கத்துனா அவனுக்கு கேக்காது. என் கைதான் அவனுக்கு பேச்சு. தூக்கு, இறக்கு, தள்ளு, எல்லாம் சிக்னல்மேன்தான் காட்டணும். வேற எவன் காட்டுனாலும் அவன் மதிக்க மாட்டான். அந்த ஒண்ணே ஒண்ணு மட்டும் யாரு வேணா காட்டலாம். டீ கொண்டாறவன் காட்டுனாக்கூட கிரேன் நிக்கணும். ஏன், எதுக்குன்னு கேக்கறதெல்லாம் அப்பால. மொதல்ல நிக்கணும். அது ஹார்பர் சட்டம்."

நீ நிற்கவில்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அப்பனும் மகளும் வீட்டில் கையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொள்வதை ஃப்ளோரா எத்தனையோ வருஷமாகப் பார்த்துவருகிறாள். ஊமை நாடகம் என்று கேலி செய்வாள். அது எப்போது ஆரம்பித்தது என்றும் அவளுக்கு நினைவிருந்தது. ஜானட்டுக்கு அப்போது ஆறு வயது. ஆயுத பூஜைக்கு மட்டும் துறைமுகத்துக்குள்ளே குடும்பத்தை விடுவார்கள். வேதக்காரக் கிறிஸ்தவர்களும் போவார்கள், பாய் வீட்டுப் பிள்ளைகளும் போவார்கள். எல்லோர் கையிலும் பொரிப் பொட்டலம் இருக்கும். கிரேனுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு கிரேன் டிரைவர் கருணாகரன் மேலேயிருந்து வெறும் கொக்கியை ஆட்டி, "வாத்தியாரே, உம் பொண்ண சிக்னல் காட்டச் சொல்லு, இறக்குறேன்" என்று கூவினார்.

செல்வநாதன் கற்றுக்கொடுத்தான். ஜானட் விரலைக் கீழே காட்டிச் சுழற்றினாள். அவ்வளவு பெரிய கொக்கி, அந்தப் பொட்டு விரலுக்குக் கட்டுப்பட்டு ஆகாயத்திலிருந்து இறங்கி வந்தது. பிறகு இரண்டு கையையும் விரித்தாள். நின்றது. அன்றைக்குத்தான் தன் மகள் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதை ஃப்ளோரா முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அந்த சிக்னல்களில் ஒன்றையாவது கற்றுக்கொள்ளவேண்டும் என்று தோன்றவில்லை. நிழலில் டிபன் கேரியரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கிரேன் தெரியிற எடத்துக்குத்தான் போவா" என்றான் செல்வநாதன். "காசிமேட்டுக் கல்லாண்ட பாரு. ஜல்தியா போ."

"என்னப் பாத்தா எயுந்து ஓடிருவாய்யா. திட்ட வரல, அடிக்க வரலன்னு எப்டி சொல்றது? அதுக்கு ஒரு சிக்னல் கீதா?"

அந்தக் காய்ச்சலிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹார்பர்ல அத்த எவன் கேட்டான்? மெதுவா இறக்குன்னு காட்டு. புரிஞ்சிக்குவா. இந்தா பாரு, ஒரு விரல் கீய பாத்து சுத்தணும். இன்னொரு கைய அதுக்கு மேல தட்டா வச்சிக்கணும். மேல கை இருந்தா, மெதுவான்னு அர்த்தம்."

அவள் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, மகளுக்கு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. விரலைச் சுழற்றிக்கொண்டே ஓடுகிற பெண்பிள்ளையைப் பார்த்து டீக்கடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வழியெல்லாம் ஜெரிதான். இந்த மாடியில்தான் மாஞ்சா காயப்போட்டான். இந்தச் சுவரில்தான் ஏறி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். மாதாவே, ஒருத்தனைக் கொடுத்தது போதாதா என்று வாய்விட்டே சொன்னாள்.

கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தன. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் கடல் வந்து வந்து போனது. அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கல் மேல், நீலப் பாவாடையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஜானட். தூரத்தில் துறைமுகத்துச் சுவருக்கு மேலே கிரேன்கள்.

"ஜானட்!"

ஒரு லாரி ஆரன் அடித்துக் கத்தலை விழுங்கியது. ஆனால் ஜானட் என்னவோ தோன்றித் திரும்பிவிட்டாள். அம்மாவைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தாள். கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போகக் காலைத் தூக்கினாள்.

ஃப்ளோரா அப்படியே நின்று கையை உயர்த்தினாள். ஒரு விரலைச் சுழற்றினாள். இன்னொரு கையை மேலே வைத்தாள். ஜானட் தூக்கிய காலைக் கீழே வைத்து உற்றுப் பார்த்தாள். இன்னொரு லாரி மறைத்துப் போனது. அது போனபோது ஜானட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாலையை எப்படிக் கடந்தாள் என்று ஃப்ளோராவுக்கே தெரியாது.

"இன்னாமா, மேல தூக்கு மேல தூக்குன்னு காட்டிகினு கீற? விரல் கீய பாக்கணும்மா. நீ வானத்தப் பாத்து சுத்தற. கருணா மாமா இருந்தாருன்னா உன்ன கொக்கில மாட்டி தூக்கினு போயிருப்பாரு."

"அவசரத்துல மறந்துட்டேன்டி" என்று சொல்லும்போதே ஃப்ளோரா உடைந்து அழுதாள். மாஸ்க் நனைந்துபோயிற்று. மகளின் கன்னத்தில் விரல் பதிந்த இடத்தைத் தொட்டாள். "நிறுத்துன்னு சொன்ன. எனக்குத் தெரியலடி கண்ணு. சத்தியமா தெரியல."

"வாயால சொல்லத்தான் பாத்தேன். வரல. நீ பேசுறது எல்லாம் உள்ள வந்துகினே இருந்துச்சி."

இருவரும் கல்லில் உட்கார்ந்தார்கள். உப்புக்காற்று மீன் வாடையோடு முகத்தில் அடித்தது. ஜானட் தானாகவே பேசினாள்.

"இந்த லாரிங்கல்லாம் ஒரே டைம்ல ஆரன் அடிச்சா எப்டி இருக்கும்? அப்டி கீதுமா தலைக்குள்ள. ஸ்கூல்ல பெல்லு அடிக்கும், ஒரு பீரியட் முடிஞ்சிரும். அப்பால இன்னொண்ணு. அதுவும் முடிஞ்சிரும். வூட்ல எதுவுமே முடிய மாட்டேங்குது. காலைல ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் ஒரே பீரியட். நான் வேணும்னு பண்ணல."

"தெரியும்."

"மாத்திர போட்டப்ப கொஞ்சம் கம்மியா இருந்திச்சி. நீதான் லீவுன்னு எட்த்து வச்சிட்ட."

ஃப்ளோராவுக்குச் சுருக்கென்றது. பிறகு, விடிந்ததிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டே விட்டாள். கடலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்க முடிந்தது.

"நேத்து சொன்னியே, நான் இல்லாட்டின்னு. சாவணும்னு தோணுதா ஜானட்?"

ஜானட் யோசித்தாள். அவள் யோசித்துப் பதில் சொல்வதே அபூர்வம். "இல்ல. சாவணும்னு இல்ல. எங்கனா காணாம பூடணும்னு தோணும். யாருக்கும் தொல்ல இல்லாம."

கூட்ஸ் வண்டி, யார்டு, காலியான கட்டில். ஃப்ளோரா மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"நீ தொல்ல இல்ல. நீ இல்லாத வூடு எப்டி இருக்கும்னு காலைல பாத்துட்டேன். என்கு அந்த நிம்மதி வேணாம். இனிமே அப்டி தோணுச்சின்னா கைய விரி. நான் அடுப்புல சோறு வச்சிருந்தாலும் சரி, நிறுத்திருவேன். நெசமா."

"மெஷின் தச்சிகினு இருந்தா?"

"அதையும்தான்."

ஜானட் அம்மாவின் இடுப்பிலிருந்த மாஸ்க்கை உருவித் தானே போட்டுக்கொண்டாள். ஒரு காதில் மாட்டி, இன்னொரு காதை மறந்து, பாதி வழி நடந்தாள்.

சாயங்காலம் செல்வநாதன் தன் நோக்கியா போனை ஜன்னல் விளிம்பில் வைத்தான். ஃப்ளோரா அதை டெட்டால் துணியால் துடைத்து, டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். காலையில் நடந்தது, நேற்றுச் சொன்னது, இன்றைக்குக் கேட்டது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை.

"லீவுன்னு நான் சொன்னது ஞாயித்துக்கிழமையத்தான்மா. இன்னும் தெளிவா சொல்லியிருக்கணும் நான்" என்றார். மாத்திரையை இனிமேல் எப்படிக் கொடுப்பது என்று நிதானமாகச் சொன்னார். மாத்திரை மட்டும் போதாது, வீட்டிலும் மணி அடித்து முடிகிற மாதிரி சின்னச் சின்ன வேலையாகப் பிரித்துக்கொடுங்கள், அந்த டிரம்மை நிறுத்தாதீர்கள், அதற்கென்று ஒரு நேரம் கொடுங்கள் என்றார். "நீங்க நேரா கேட்டது ரொம்ப நல்லது. மறுபடி அப்படிச் சொன்னா எந்த நேரமா இருந்தாலும் என்னைக் கூப்பிடுங்க. நைட்டு தனியா விடாதீங்க. திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க."

வெளியே பெரிய தெருவில் மாதா தேர் புறப்பட்டிருந்தது. பேண்டு சத்தம் நெருங்கி வந்தது. காய்ச்சல் வீடு என்பதால் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். சந்து வழியாக வந்த சீரியல் பல்பு வெளிச்சம் மட்டும் சுவரில் ஓடியது. ஜானட் ஸ்டூலில் உட்கார்ந்து, பேண்டோடு சேர்ந்து விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

"டாக்டர்" என்றாள் ஃப்ளோரா. "ஜூன் மாசம் ஒண்ணு கேட்டீங்க. குடும்பத்துல யாராச்சும் இருந்தாங்களான்னு."

"ஆமா, கேட்டேன்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செல்வநாதன் தலையை உயர்த்தினான்.

"இருந்தான் டாக்டர். என் தம்பி. ஜெரின்னு பேரு."

ஃப்ளோரா போனை வைத்ததும் ஜானட் ஆரம்பித்தாள். விரல் தாளத்தை விடவில்லை.

"ஜெரியா? யாருமா அது?"

"உன் மாமா."

"எனக்கு மாமா கீறாரா? சொல்லவே இல்ல! என்ன மாதிரியா?"

"அச்சு அசல் உன்ன மாதிரி." ஃப்ளோராவுக்கே தெரியாமல் முகம் மலர்ந்தது. "ஒரு எடத்துல குந்தமாட்டான். காத்தாடி வுட்டா ராயபுரமே அண்ணாந்து பாக்கும். கப்பல் ஊதுனா போதும், உள்ள வருதா வெளிய போவுதான்னு சொல்லிருவான்."

"ஐயோ, சூப்பரு!" அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று! தன்னைப் போல் இன்னொரு ஆள், அதுவும் சொந்த மாமா. "எங்க கீறாரு இப்போ? ஏன் நம்ம வூட்டுக்கு வர்றதே இல்ல? நைனாக்கு தெரியுமா? அவருக்கும் மாத்திர குடுத்தாங்களா?"

கேள்வி மேல் கேள்வியாக வந்து விழுந்தது. தாளம் வேகமாயிற்று. வெளியே பேண்டு வீட்டுக்கு நேராக வந்துவிட்டது.

"அம்மா, அவரும் உன்கிட்ட கைய விரிச்சாரா?"

ஃப்ளோரா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை என்று மகள் கல்லின் மேல் சொன்னது இதுதானா? அவள் எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தோள் மட்டத்துக்கு விரித்தாள். உள்ளங்கை கீழே பார்க்கிறதா என்று ஒரு தடவை பார்த்துச் சரிசெய்துகொண்டாள்.

ஸ்டூலின் மேல் தாளம் நின்றது.

ஏன் என்று ஜானட் கேட்கவில்லை. ஆயுத பூஜை அன்றைக்கு நின்றாளே, அப்படி அசையாமல் இருந்தாள். தேர் தாண்டிப் போய், பேண்டு தேய்ந்து, அம்மாவின் கை தானாகக் கீழே இறங்குகிறவரை அப்படியே இருந்தாள்.